ஒரே குப்பி, மூன்று கணக்கு

ஜோலெட்ரானிக் அமிலம் 4 மில்லிகிராம் அளவில் சின்னக் குப்பியில் வரும். புற்றுநோய் மருத்துவமனைகளின் டே கேர் பிரிவில் அதற்குக் குறைவே இருக்காது. ஒரே காலையில் மூன்று பேருக்கு அதை சலைனில் கலந்து ஏற்றிக்கொண்டிருப்பார்கள். முதல் கட்டிலில் இருப்பவருக்கு மார்பகப் புற்று முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. அந்த எலும்பு நொறுங்கிவிடாமல் இருக்க அவருக்கு மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ போடுகிறார்கள். அடுத்தவருக்கு அறுவையும் கீமோவும் முடிந்து, உடம்பில் கண்ணுக்குத் தெரிகிற நோய் எதுவும் இல்லை. அது எலும்பில் போய் மறுபடி முளைத்துவிடாமல் இருக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மூன்றாமவர் புராஸ்டேட் புற்றுக்காக ஹார்மோனை அடக்கும் ஊசி போட்டுக்கொண்டிருக்கும் பெரியவர். அந்த ஊசியால் அவருடைய எலும்பு மெலிந்துகொண்டே போகிறது. அவருக்கு ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ. மூவரும் வீட்டுக்குப் போய்ச் சொல்வது மட்டும் ஒரே வார்த்தைதான்: "எலும்புக்கு ஊசி போட்டாங்க."

குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. முதல் கட்டில்காரருக்குத் தாடையில் புண் வந்த கதையைக் கேட்டு மூன்றாமவர் பயந்துபோய் ஊசியே வேண்டாம் என்கிறார். இரண்டாமவருக்கு டெக்ஸா ஸ்கேனில் எலும்பு நன்றாக இருப்பதாக வந்ததும், "அப்புறம் எதுக்கு இந்த ஊசி?" என்று அவர் மகன் கேட்கிறான். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் ஒருவருடைய கணக்கை இன்னொருவர் தாளில் போட்டுப் பார்ப்பதால் வந்த கேள்விகள். எலும்பு மருந்தை எடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்று யோசிப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது தனக்கு எதற்காகச் சொல்லப்படுகிறது என்பதைத்தான்.

இந்த மூன்றில் பலருக்கும் புரியாமல் நிற்பது மூன்றாவது கணக்கு: புற்றுநோய்ச் சிகிச்சையே எலும்பைக் கரைப்பது. எலும்பு ஒருமுறை கட்டி முடித்த சுவர் இல்லை. ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல்கள் பழைய எலும்பை அரித்தெடுக்க, ஆஸ்டியோபிளாஸ்ட் என்னும் செல்கள் அந்தக் குழியில் புதிதாகக் கட்டுகின்றன. வளர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதிதாகிறது. அரிப்பவற்றை அளவோடு வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். ஆண்களுக்கும் அப்படித்தான், அவர்களுடைய டெஸ்டோஸ்டிரோனில் ஒரு சிறு பங்கு ஈஸ்ட்ரோஜனாக மாறித்தான் எலும்பைக் காக்கிறது.

மாதவிடாய் நின்ற பிறகும் ஒரு பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் அடியோடு வற்றிவிடுவதில்லை. கொழுப்புத் திசுவிலும் தசையிலும் உள்ள அரோமடேஸ் என்ற நொதி கொஞ்சம் தயாரித்துக்கொண்டே இருக்கும். ஹார்மோனைத் தின்று வளரும் மார்பகப் புற்றுக்கு அந்தக் கொஞ்சமே போதும். லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல், எக்ஸமெஸ்டேன் மாத்திரைகள் அந்த நொதியை முடக்கி, மிச்சமிருக்கும் ஈஸ்ட்ரோஜனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இல்லாமல் செய்கின்றன. புற்றுக்குத் தீனி நிற்கிறது, எலும்புக்குக் காவலும் போகிறது. சாதாரணமாக வயதான பெண்ணுக்கு ஆண்டுக்கு ஒரு சதவீதம் அளவில் எலும்பு குறையும் என்றால், இந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. அனாஸ்ட்ரோசோலையும் டாமாக்சிஃபெனையும் ஒப்பிட்ட ஏடாக் என்ற பெரிய சோதனையில், ஐந்தாண்டுச் சிகிச்சைக் காலத்தில் அனாஸ்ட்ரோசோல் குழுவில் 11 சதவீதம் பேருக்கு எலும்பு முறிந்தது. டாமாக்சிஃபென் குழுவில் 7.7 சதவீதம். மாதவிடாய் நின்றவர்களுக்கு டாமாக்சிஃபென் எலும்பைக் கொஞ்சம் காக்கும் மருந்து என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். இளவயதுப் பெண்கள் நிலைமை இன்னும் கடுமை. கீமோவால் சினைப்பை திடீரென்று ஓய்ந்துபோனால், இயல்பாகப் பல ஆண்டுகளில் நடக்க வேண்டிய இழப்பு ஓரிரு ஆண்டுகளிலேயே நடந்துவிடுகிறது.

ஆண்கள் கதை பழையது. விரைநீக்கம் செய்தால் புராஸ்டேட் புற்று சுருங்குகிறது என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-ல் காட்டினார். 1966-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று அறுவைக்குப் பதில் ஊசி வந்திருந்தாலும் வேலை அதேதான். எலும்புக்கு இதனால் என்ன ஆகிறது என்பதை அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் பதிவுகளைக் கொண்டு 2005-ல்தான் பெரிய அளவில் எண்ணிப் பார்த்தார்கள். நோய் தெரிந்து ஐந்தாண்டுக்கு மேல் வாழ்ந்தவர்களில், ஹார்மோனை அடக்கிக்கொண்டவர்களில் 19.4 சதவீதம் பேருக்கு எலும்பு முறிந்திருந்தது, அடக்காதவர்களில் 12.6 சதவீதம். ஆனாலும் எலும்பு மெலிவது பெண்களின் நோய் என்ற நினைப்பு நம் வீடுகளில் மட்டுமல்ல, மருத்துவமனைகளிலும் இன்னும் போகவில்லை.

"கேன்சரையே பாத்தாச்சு, எலும்பு என்ன பெரிசு?" என்று கேட்பவர்கள் உண்டு. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தால் கீமோ தள்ளிப்போகும், நடமாட்டம் போகும், நுரையீரலில் சளி கட்டும். முதுகெலும்பு அமுங்கி முறிந்தால் வேறொரு வேதனையும் சேரும். புற்றுநோய் வந்தவருக்கு முதுகு வலித்தால் எல்லோர் மனமும் ஒரே இடத்துக்குத்தான் ஓடும். பரவிவிட்டதா என்று எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன், சில சமயம் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்ப்பது என்று வாரங்கள் கழியும். கடைசியில், மெலிந்த எலும்பு தும்மலுக்கோ, தண்ணீர்க் குடம் தூக்கியதற்கோ முறிந்தது என்று தெரியவரும். அந்த வாரங்களில் ஒரு குடும்பம் படும் பாட்டை எந்தச் சோதனையும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எண்ணினால் மருந்தின் தட்டு இன்னும் கொஞ்சம் தாழும் என்றே நினைக்கிறேன்.

எலும்பின் நிலையை அளக்க டெக்ஸா ஸ்கேன் இருக்கிறது. அதில் வரும் டி ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்தது. சாதாரணப் பெண்களுக்காக வைத்த கோடு அது. அரோமடேஸ் மாத்திரை சாப்பிடுபவருக்கு அது வரை காத்திருக்கக் கூடாது என்பது இன்றைய நிலை. மைனஸ் 2-க்குக் கீழே போனாலே மருந்து பற்றிப் பேச வேண்டும். வயது 65-ஐத் தாண்டியது, ஏற்கெனவே எலும்பு முறிந்தது, தாய்க்கோ தந்தைக்கோ இடுப்பு முறிந்தது, மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டது போன்ற காரணங்கள் கூடச் சேர்ந்தால் அதற்கு முன்பே. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்திலிருந்து 2008-ல் வந்த ஃப்ராக்ஸ் என்ற கணிப்பு முறை, பத்தாண்டில் எலும்பு முறியும் வாய்ப்பைச் சொல்லும். இந்தியர்களுக்கான கணக்கும் அதில் உண்டு. ஆனால் லெட்ரோசோல் சாப்பிடுகிறாரா என்று அது தனியாகக் கேட்பதில்லை. அதனால் இந்த நோயாளிகளின் ஆபத்தைக் குறைத்தே காட்டும். டெக்ஸாவிலும் ஒரு வில்லங்கம். வயதானவர் முதுகெலும்பின் ஓரங்களில் வளரும் முட்களும், புராஸ்டேட் புற்று பரவி எலும்பைக் கெட்டிப்படுத்திய இடங்களும் அளவை உயர்த்திக் காட்டிவிடும். அப்போது இடுப்பின் அளவையே நம்ப வேண்டும்.

மருந்து பிறந்த கதை சுவையானது. பிஸ்பாஸ்பனேட் வகைச் சேர்மங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தயாரித்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாய்களில் சுண்ணாம்பு படியாமல் தடுப்பதற்குத்தான் அவை பயன்பட்டுவந்தன. 1960-களில் சுவிட்சர்லாந்தில் ஹெர்பர்ட் ஃபிளைஷ், நம் உடம்பிலும் பைரோபாஸ்பேட் என்ற பொருள் இதே வேலையைச் செய்து, வேண்டாத இடத்தில் கால்சியம் படியாமல் தடுக்கிறது என்று கண்டார். அதை மருந்தாகக் கொடுத்தால் நொதிகள் உடைத்துவிடும். உடையாத உறவுக்காரப் பொருளைத் தேடியபோது கிடைத்தவை இந்தக் குழாய் மருந்துகள். 1969-ல் வெளியான ஆய்வுகளில்தான் அவை எலும்பு கரைவதையும் தடுப்பது தெரிந்தது. பிஸ்பாஸ்பனேட் எலும்பின் மேல் ஒட்டிக்கொள்ளும். அரிக்க வரும் செல், எலும்போடு சேர்த்து அதையும் விழுங்கிச் செயலிழந்துபோகும். ஜோலெட்ரானிக் அமிலம் இந்தக் குடும்பத்திலேயே வீரியம் மிக்கது. வாரம் ஒரு மாத்திரையாக வரும் அலெண்ட்ரோனேட்டும் இதே குடும்பம்தான்.

இரண்டாவது கட்டில்காரரின் கணக்குக்கு இன்னும் பின்னால் போக வேண்டும். லண்டனில் ஸ்டீபன் பேஜெட் 1889-ல் மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அலசினார். நோய் கண்ட இடத்திலெல்லாம் பரவவில்லை. சில உறுப்புகளையே தேடிப் போயிருந்தது. விதை எங்கும் பறந்தாலும் தனக்கேற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். எலும்பு ஏன் ஏற்ற மண் என்பது நூறாண்டு கழித்துத்தான் புரிந்தது. எலும்பு அரிக்கப்படும்போது அதற்குள் புதைந்திருக்கும் வளர்ச்சிக் காரணிகள் வெளியே வருகின்றன. அங்கே ஒளிந்திருக்கும் புற்றுச் செல்லுக்கு அவை தீனி. தீனி தின்ற செல், இன்னும் அரிக்கச் சொல்லி எலும்பைத் தூண்டுகிறது. அரிப்பை நிறுத்தினால் தீனியும் நிற்க வேண்டுமே?

நின்றது, ஆனால் எல்லோருக்கும் அல்ல. 18,766 பெண்களின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2015-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு இதைத் தெளிவாக்கியது. மாதவிடாய் நின்றவர்களில், பிஸ்பாஸ்பனேட் எடுக்காதவர்களில் பத்தாண்டுக்குள் 18 சதவீதம் பேர் மார்பகப் புற்றால் இறந்தார்கள், எடுத்தவர்களில் 14.7 சதவீதம். நூறு பேரில் மூவர் பிழைத்தது சிறிய எண்ணாகத் தோன்றலாம். விலை குறைந்த, பழைய மருந்து ஒன்று இதைச் செய்கிறது என்பதை மறக்க வேண்டாம். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு இந்தப் பலன் இல்லை. சினைப்பையை ஊசியால் அடக்கி வைத்திருப்பவர்களை மட்டும் மாதவிடாய் நின்றவர்களோடு சேர்த்தே பார்க்கிறார்கள். மகன் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: இரண்டாமவருக்குப் போட்ட ஊசிக்கும் டி ஸ்கோருக்கும் சம்பந்தம் இல்லை. இன்னொன்றும் உண்டு. இந்தப் பலன் நிறுவப்பட்டது முக்கியமாக ஜோலெட்ரானிக் அமிலம், குளோட்ரோனேட், ஐபாண்ட்ரோனேட் மூன்றுக்கும்தான். எலும்புக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரை போதும் என்று மாற்றிக்கொள்பவர், எலும்புக்கணக்கை நேர்செய்தாலும் புற்றுக்கணக்கில் அதே வரவை எதிர்பார்க்க முடியாது.

இனித் தாடை. 2003-ல் மயாமியைச் சேர்ந்த வாய் அறுவை நிபுணர் ராபர்ட் மார்க்ஸ், இந்த வகை மருந்து எடுத்த 36 பேருக்குத் தாடையெலும்பு வெளியே தெரிந்து, செத்துப்போய், ஆறாமல் கிடந்ததை எழுதினார். அன்று முதல் இன்று வரை இந்த மருந்தை மறுப்பவர்கள் சொல்லும் முதல் காரணம் அதுதான். "அந்த ஊசி போட்டா தாடை அழுகிடுமாமே டாக்டர்?"

பயம் பொய் இல்லை. ஆனால் அளவைப் பார்க்காமல் அதை எடைபோட முடியாது. டெனோசுமாப் என்ற இன்னொரு மருந்தை வைத்தே இதைச் சொல்லலாம், ஏனென்றால் அதே மருந்து, அதே நோய், இரண்டு அளவுகளில் சோதிக்கப்பட்டிருக்கிறது. அரிக்கும் செல்கள் பிறப்பதற்கே தேவையான ரேங்கெல் என்ற சமிக்ஞைப் புரதத்தை மறிக்கும் எதிர்ப்பான் அது. ஆஸ்திரியாவிலும் ஸ்வீடனிலும் அரோமடேஸ் மாத்திரை சாப்பிட்ட 3,400-க்கும் மேற்பட்ட பெண்களில் பாதிப் பேருக்கு 60 மில்லிகிராமை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டார்கள். எலும்பு முறிவு பாதியாகக் குறைந்தது: வெற்று ஊசிக் குழுவில் 176 பேர், மருந்துக் குழுவில் 92 பேர். 2015-ல் அந்த முடிவு வெளியானபோது உறுதியான தாடைச்சிதைவு ஒன்றுகூட இல்லை. டி-கேர் என்ற மற்றொரு சோதனையில், நோய் எலும்புக்குப் பரவாமல் தடுக்கலாம் என்று 120 மில்லிகிராமை முதலில் மாதாமாதமும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் போட்டார்கள். பரவலைத் தடுக்கவில்லை, நூற்றுக்கு ஐந்து பேருக்குத் தாடை கெட்டது. மூன்றாம் கட்டில்காரர் பயப்படும் கதை இந்த அளவுக்குரியது. எலும்புப்புரைக்குப் போடும் அளவில் அது ஆயிரக்கணக்கானோரில் ஒருவருக்கு வருகிற அபூர்வம். அந்த அபூர்வத்தையும் குறைக்க வழி இருக்கிறது: ஊசிக்கு முன்பே பல் மருத்துவரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி, புண் ஆறிய பிறகு தொடங்குவது. வெற்றிலை, புகையிலையோடு பழகிய வாய்களுக்கு இது இன்னும் அவசியம்.

நாம் ஆசியர்கள் என்பதால் அதிகம் கவனிக்க வேண்டியது தொடை. நெடுநாள் பிஸ்பாஸ்பனேட் எடுப்பவர்களில் மிகச் சிலருக்குத் தொடையெலும்பின் நடுத்தண்டில் விசித்திரமான முறிவு வரும். முன்கூட்டியே தொடையிலோ தொடையிடுக்கிலோ மந்தமாக ஒரு வலி இருக்கும். தெற்குக் கலிஃபோர்னியாவில் சுமார் இரண்டு லட்சம் பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2020-ல் வந்தது. பத்தாயிரம் வெள்ளையினப் பெண்கள் மூன்றாண்டு மருந்து எடுத்தால் 149 இடுப்பு முறிவுகள் தவிர்க்கப்பட்டு, 2 தொடை முறிவுகள் உண்டாகும். ஆசியப் பெண்களுக்கு அந்தக் கணக்கு 91-க்கு 8. இலாபம்தான், ஆனாலும் வரம்பில்லாமல் ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டே போகிற மருந்து இது இல்லை.

ஜோலெட்ரானிக் அமிலத்தின் மற்றத் தொல்லைகளை விரைவாகவே சொல்லிவிடலாம். முதல் ஊசிக்குப் பிறகு மூன்றில் ஒருவருக்குக் காய்ச்சலும் உடம்புவலியும் வந்து மூன்று நாளில் போகும். பாராசிட்டமால் போதும், அடுத்த முறை பெரும்பாலும் வராது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் கிரியேட்டினின் பார்த்தே போட வேண்டும். வைட்டமின் டி குறைவாக இருக்கும்போது போட்டால் இரத்தத்தில் கால்சியம் சரியும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில் வைட்டமின் டி-க்குப் பஞ்சம் என்பது வேடிக்கைதான். அதை முதலில் சரிசெய்ய வேண்டும். அலெண்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், காபிகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். குமட்டலோடு காலையைத் தொடங்கும் கீமோ நோயாளிக்கு அது தண்டனை.

டெனோசுமாபுக்குச் சிறுநீரகத் தடை இல்லை. தோலுக்கடியில் ஒரு நிமிடத்தில் போட்டுவிடலாம், காய்ச்சலும் வராது. சிறுநீரகம் முற்றாகக் கெட்டவர்களுக்குக் கால்சியம் ஆபத்தான அளவுக்குச் சரியும் என்பதால் கண்காணிப்பு மட்டும் வேண்டும். இவ்வளவு சௌகரியமான மருந்தின் முள் அதை விடும்போதுதான் குத்துகிறது. பிஸ்பாஸ்பனேட் எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும், டெனோசுமாப் தங்காது. மடையை அடைத்து வைத்ததுபோல அரிக்கும் செல்களின் பரம்பரை முழுவதும் தேங்கி நிற்கிறது. கடைசி ஊசி போட்டு ஏழெட்டு மாதம் ஆகியும் அடுத்தது போடவில்லை என்றால் மடை உடைந்து, பல ஆண்டுச் சேமிப்பு ஓராண்டுக்குள் கரைந்துபோகும். சிலருக்கு முதுகெலும்புகள் இரண்டு மூன்றாக அடுத்தடுத்து அமுங்குகின்றன. ஆகவே நிறுத்த வேண்டுமானால் உரிய நேரத்தில் ஜோலெட்ரானிக் அமிலத்துக்கு மாற்றித்தான் நிறுத்த வேண்டும். லெட்ரோசோல் ஐந்தாண்டு முடிந்ததும் "எல்லா மருந்தும் முடிஞ்சுது" என்று சந்தோஷமாக வீட்டுக்கு வருபவர்கள் இதில்தான் அகப்படுகிறார்கள். ஊசி மாற்றி ஊசி போட ஊர்விட்டு ஊர் வர வேண்டியவர்கள், தேதி தவறும் வாய்ப்புள்ளவர்கள், வெளிநாட்டு மகள் வீட்டுக்கு எட்டு மாதம் போகிறவர்கள் ஆகியோருக்கு இந்த மருந்தைத் தொடங்க நான் தயங்குவேன். சிறுநீரகம் தாங்கும் என்றால், தவறினாலும் மன்னிக்கும் ஜோலெட்ரானிக் அமிலமே என் பார்வையில் மேல்.

எலும்பைப் புதிதாகக் கட்டும் டெரிபாராடைடு ஊசி, புற்று எலும்பில் இருப்பவர்களுக்கும் எலும்பில் கதிர்வீச்சு பட்டவர்களுக்கும் ஆகாது. ரலாக்சிஃபென் அரோமடேஸ் மாத்திரையோடு சேராது. ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்று உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

கடைசியாகக் காலம். நோயாளியின் எதிரே உட்கார்ந்து பேச எல்லோரும் கூசுகிற பகுதி இது. எலும்பு மருந்து இன்று போட்டு நாளை காக்காது. 23,000-க்கும் மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்ட பத்துச் சோதனைகளை அலசி 2022-ல் ஒரு குழு கணக்கிட்டது: எலும்புப்புரை உள்ள நூறு பெண்களுக்கு பிஸ்பாஸ்பனேட் கொடுத்தால், முதுகெலும்பு தவிர்த்த முறிவு ஒன்றைத் தடுக்க 12.4 மாதங்கள் ஆகின்றன. ஆரம்ப நிலை மார்பகப் புற்றோ புராஸ்டேட் புற்றோ உள்ளவருக்கு ஓராண்டு என்பது ஒன்றுமில்லை. பத்து, இருபது ஆண்டு வாழப்போகிறவர் அவர். அவர் இந்த மருந்தைத் தட்டிக்கழிக்கப் புற்றுநோய் ஒரு காரணமே இல்லை, எடுத்துக்கொள்ளத்தான் காரணம். கணையப் புற்று முற்றி, மாதங்களை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு டி ஸ்கோர் மைனஸ் 3 என்று காகிதம் சொன்னாலும், அவருக்குப் பல் மருத்துவரும் காய்ச்சலும் இன்னொரு ட்ரிப்ஸும் தேவையில்லை. விழாமல் பார்த்துக்கொள்ள குளியலறையில் ஒரு பிடிகம்பி போதும். ஆனால் அதே போல் முற்றிய நோய் எலும்பில் பரவியிருந்தால் கணக்கு மறுபடி மாறிவிடும். அங்கே மருந்து வருவது எலும்புப்புரைக்காக அல்ல. முறிவையும், எலும்புக்குக் கதிர்வீச்சு தேவைப்படுவதையும் குறைப்பதற்காக. அதிலும் மாதாமாதம் வர வேண்டியதில்லை, ஜோலெட்ரானிக் அமிலத்தைப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டாலே சமமான பலன் என்று 1,822 பேரை வைத்து நடத்திய சோதனை 2017-ல் காட்டியிருக்கிறது. பயணச் செலவும் தாடை ஆபத்தும் பற்றிக் கவலைப்படும் குடும்பங்கள் இதை மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம். 55 வயது, லெட்ரோசோல் தொடங்கி ஆறு மாதம், டி ஸ்கோர் மைனஸ் 1.2, இதுவரை எதுவும் முறிந்ததில்லை, நோய் திரும்பும் ஆபத்தும் குறைவு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்டவர் இப்போதைக்கு ஊசி வேண்டாம் என்று சொன்னால் அதில் தவறில்லை. அவர் கால்சியமும் வைட்டமின் டி-யும் எடுத்து, தினமும் நடந்து, கொஞ்சம் எடை தூக்கிப் பழகி, ஓரிரு ஆண்டில் அதே எந்திரத்தில் மறுபடி டெக்ஸா எடுத்துப் பார்க்க வேண்டும். யார் அதை நினைவுபடுத்துவது என்பதையும் இப்போதே பேசிக்கொள்வது நல்லது. புற்றுநோய் மருத்துவர் எலும்பு டாக்டர் பார்ப்பார் என்றும், எலும்பு டாக்டர் புற்றுநோய் மருத்துவர் சொல்லியிருப்பார் என்றும் நினைத்துக்கொண்டிருக்க, ஃபைலில் பழைய டெக்ஸா தாள் ஒன்றே ஒன்று மூன்றாண்டாகக் கிடப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது.